வழிப்பொழுதும் வேலைப்பொழுதே
கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடை, நகைக்கடை, உணவகம், அச்சகம், கணக்காய்வு அலுவலகம் என்று பலவகைத் தொழில் நடத்திவரும் தமிழ் முதலாளிப் பெருமக்களுக்கு,

உங்களில் இருவர் எங்கே சந்தித்துக்கொண்டாலும், வியாபார நிலைமையைப் பற்றிய விசாரிப்பு முடிந்ததும், பேச்சு தவறாமல் வந்து சேருமிடம் ஒன்று உண்டு: "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆளும் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் நாலு மாதம் நிலைப்பதில்லை." கோயில் திருவிழாவின் அன்னதானப் பந்தியிலும், கல்யாண மண்டபத்தின் முன்வரிசையிலும் இந்தக் குறையை அருகிலிருந்து கேட்டவன் என்ற முறையிலும், கிள்ளானில் குடியிருந்துகொண்டு பிரிக்பீல்ட்ஸில் கணக்கெழுதி ஜீவனம் நடத்துகிறவர்களில் ஒருவன் என்ற முறையிலும், அதற்கு மறுமொழி சொல்லும் பாத்தியதை எனக்கு உண்டென்று கருதி இம்மடலை எழுதுகிறேன். உங்களை நிந்திப்பது என் நோக்கமன்று. முகஸ்துதி செய்யவும் நான் வரவில்லை. சிப்பந்திகளைப் பற்றி நீங்கள் சொல்லும் குறையின் பெரும்பகுதிக்குக் காரணம் அவர்களுடைய சுபாவமல்ல, அவர்கள் வந்து போகும் வழி என்பதையும், அந்த வழியைக் குறித்து உங்களால் செய்யக்கூடியது நிறைய இருந்தும் நீங்கள் செய்தது சொற்பமே என்பதையும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

உங்கள் கணக்கில் ஒரு சிப்பந்தியின் நாள், கடையின் இரும்புக் கதவு உருண்டு மேலேறும் வேளையில் தொடங்குகிறது. காப்பாரிலோ மேருவிலோ மலிவுவிலை அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் உங்கள் கடைப் பெண்ணின் கணக்கு அப்படியல்ல. இருள் பிரியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கு ஆக்கிவைத்து, அவர்களைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, வருமோ வராதோ என்னும் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நின்று, கிள்ளான் நிலையத்தில் இறங்கி, கொமுட்டர் ரெயிலைப் பிடித்து, புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையத்துக்கு நிலையம் ஏறும் கூட்டத்துக்கு அங்குலம் அங்குலமாக இடம் விட்டுக்கொடுத்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நகரும் படிகளில் ஓட்டமும் நடையுமாக ஏறித் துன் சம்பந்தன் சாலையில் உங்கள் வாசலை அவள் மிதிக்கும்போது, நீங்கள் சம்பளம் கொடுக்காத ஒரு வேலையை முழுமையாகச் செய்து முடித்துவிட்டே வந்து நிற்கிறாள். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் நடுப்பெட்டியில் அவளை நான் பார்த்ததில்லை, நான் ஏறக்கூடிய பெட்டி அதுவன்று. ஆனால் நடைமேடையில் பார்த்திருக்கிறேன். உங்கள் கடையின் சீருடைப் புடவை கசங்கிவிடக் கூடாதென்று, அதை மடித்து ஒரு பையிலிட்டு மார்போடு அணைத்திருப்பாள். பசியாறுவதற்காக வாங்கிய நாசி லெமாக் பொட்டலம் அதன் மேலே அவிழ்க்கப்படாமலே இருக்கும். புடவையைச் சுற்றிக்கொள்வதும் பொட்டலத்தை அவிழ்ப்பதும் உங்கள் கடையின் பின்கட்டில், மேற்பார்வையாளர் குரல் கொடுப்பதற்குள் நடந்து முடிந்தாக வேண்டும்.

ஒரு நாள் ரெயில் நடுவழியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமிக்ஞைக் கோளாறோ, தண்டவாளச் சீரமைப்போ, மின்கம்பியில் பழுதோ, காரணம் எதுவானாலும் பெட்டிக்குள் நடப்பது ஒன்றுதான். முதலில் எல்லோரும் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கைப்பேசிகள் வெளியே வரும். "அக்கா, ரெயில் நின்னுடுச்சு, பத்து நிமிஷம் லேட்டாகும்" என்று எழுதி அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதில் வருவதில்லை, வந்தாலும் "இதே கதைதானா?" என்று வருகிறது. நான் முன்பு கணக்கெழுதிய நிறுவனமொன்றில், வாசலருகே சுவரில் நேரம் பதிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. குறித்த மணிக்கு முன் அட்டையைச் செருகினால் நீல மையிலும், ஒரு நிமிடம் கடந்து செருகினால் சிவப்பு மையிலும் அது அச்சடிக்கும். மாதக் கடைசியில் அந்த அட்டைகளெல்லாம் என் மேசைக்கு வரும். வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், போன நேரத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிக்கப்பட்டிருந்த அந்த அட்டையில், ஏன் தாமதம் என்று எழுதுவதற்கு இடமே இல்லை. சிவப்பு எழுத்துகள் மூன்றுக்கு மேற்பட்டால் வருகைப்படி கிடையாது என்பது அங்கே விதி. மழை பெய்து கூட்டரசு நெடுஞ்சாலை ஸ்தம்பித்த மாதத்தில், கிள்ளானிலிருந்து வந்த ஏழெட்டுப் பேருடைய அட்டைகளில் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிவப்பு விழுந்திருந்ததைக் கண்ட பிறகும், அத்தனை பேரும் ஒரே நாளில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்றுதான் நிர்வாகம் முடிவு செய்தது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதிலை நான் அறிவேன். "வழியில் நேர்வதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? அரைமணி முன்னதாகக் கிளம்பட்டுமே, இல்லையானால் கடைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்ளட்டுமே" என்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் இன்று ஓர் அறையின் வாடகை, 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் எத்தனை பங்கை விழுங்கிவிடும் என்பதை, கடை நடத்துவதோடு வீடுகளையும் வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் சிலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அரைமணி முன்னதாகக் கிளம்புவதென்றாலோ, அந்த அரைமணியை அவள் எங்கிருந்து எடுப்பாள்? உங்கள் கடை மூடிய பிறகு வீடு திரும்பிப் படுக்கும் தூக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் காலைப்பொழுதிலிருந்து எடுக்க வேண்டும். வேறு இருப்பு அவளிடம் இல்லை. பெருங் கோலாலம்பூரில் வசிக்கும் மக்கள் ஆண்டொன்றுக்கு 250 மில்லியன் மணி நேரத்துக்கு மேல் சாலை நெரிசலிலேயே கழிக்கிறார்கள் என்று உலக வங்கி 2015ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டுச் சொன்னது. அவ்வளவு பெரிய நேர நஷ்டத்தைத் தனிமனிதர் ஒவ்வொருவரும் இன்னும் சற்று முன்னதாக எழுந்து ஈடுசெய்துவிட வேண்டுமென்பது நியாயமான யோசனைதானா என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

மேலும், இவர்கள் இவ்வளவு தூரத்தில் போய்க் குடியிருப்பது இவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. நீங்கள் காரில் கடந்து செல்லும் பெட்டாலிங் ஜெயா, 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்தை அழித்து எழுப்பப்பட்ட நகரம். ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்தது. சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்தின் மேல் எழுந்தது. அந்தத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆளெண்ணிக்கைக்கு) நின்று, பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே, தங்கள் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த லயங்கள் இருந்த மண்ணை ரெயிலில் நின்றபடி கடந்து, உங்கள் கடைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். தோட்ட வாழ்க்கை சுகவாழ்வென்று நான் சொல்ல வரவில்லை. அதன் வறுமையையும் இழிவையும் அறியாதவனல்லன். ஆனால் பெரட்டுக் களமும் லயமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. தாய் வெளிக்காட்டுக்குப் போனால் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக முடிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது அவர்கள் இழந்தவை வேலையும் வீடும் மட்டுமல்ல. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த அந்தக் கிட்டத்தையும் சேர்த்தே இழந்தார்கள். அந்த இழப்பின் செலவை இன்றுவரை அவர்கள் மட்டுமே செலுத்தி வருகிறார்கள்.

நீங்கள் தொழில் நடத்தும் பிரிக்பீல்ட்ஸின் சரித்திரமே உங்களுக்கு வேறொரு பாடம் சொல்லும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886ஆம் ஆண்டில் புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, ரெயில்வே வளர வளர, செங்கற்சூளைகள் நிறைந்திருந்த இந்த வட்டாரம் ரெயில்வே சிப்பந்திகளின் குடியிருப்பாக உருவெடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வேலைத்தலத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று இன்றும் முதியவர்கள் சொல்லும் வீட்டு வரிசை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உத்தேசத்தோடு எழுப்பப்பட்டதுதான். வெள்ளைக்கார நிர்வாகம் இதைக் கருணையினால் செய்தது என்று எவரும் மயங்க வேண்டாம். விடியற்கால வண்டிக்குக் கொடி காட்ட வேண்டியவன் தூரத்தில் குடியிருந்தால் வண்டி கிளம்பாது; ஆகவே அவன் வந்து சேரும் வழியும் தன் தொழிலின் ஓர் அங்கமே என்பதை அந்த நிர்வாகம் கணக்குப் போட்டு அறிந்திருந்தது. சுயநலம் கருதியேனும் அன்றைய அந்நியன் செய்த கணக்கை, இன்று நம்மவரான நீங்கள் செய்யவில்லை என்பதுதான் என் முதல் மனத்தாங்கல்.

வழியில் ஒரு தொழிலாளிக்குரிய கௌரவம் என்ன என்னும் கேள்வி கிள்ளான் மாவட்டத்துக்குப் புதிதுமல்ல. 1941ஆம் ஆண்டில், 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பள உயர்வு, பள்ளிக்கூடம், வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு, துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வயிற்றுக்குப் போதாத கூலி வாங்கியவர்கள், கூலியோடு நிறுத்திக்கொள்ளாமல், சாலையில் தாங்கள் எப்படிச் செல்வது என்பதையும் உரிமைப் பிரச்சினையாக எழுப்பினார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். ஆயினும் சைக்கிளை விட்டிறங்கும் அந்த இழிவு நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று அப்படி எவரையும் நீங்கள் இறங்கச் சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் தாமதமாக வந்த ஒருத்தியை வாடிக்கையாளர்கள் பார்க்க வாசலில் நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் நம் கடைகளில் முற்றாக ஒழிந்துவிட்டதென்று உங்களால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இனி, இம்மடலின் மையமான நியாயத்துக்கு வருகிறேன். வழியில் நேர்வதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறீர்கள். இந்நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்கோ, வேலையிலிருந்து வீட்டுக்கோ நேர்வழியே செல்லும் ஊழியருக்கு வழியில் விபத்து நேர்ந்தால், அது வேலைத்தலத்தில் நேர்ந்த விபத்தைப் போலவே கருதப்பட்டு, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் அவருக்கு வைத்தியமும் உதவித்தொகையும் அளிக்க வேண்டும். அதற்குரிய சந்தாவில் ஒரு பகுதியை நீங்களே மாதந்தோறும் செலுத்தியும் வருகிறீர்கள். உங்கள் கணக்கேட்டில் அதை எழுதுகிறவன் என்னைப் போன்ற ஒருவன்தான். ஆகவே, வழியில் உங்கள் ஊழியனின் கால் முறிந்துவிட்டால், அவன் அப்போது வேலையில் இருந்தவனாகவே மதிக்கப்படுகிறான். அதே மனிதன் கால் முறியாமல், முழு உடம்போடு, பத்து நிமிடம் தாமதித்து வந்து நின்றால் மட்டும், அவன் வந்த வழி அவனுடைய சொந்த விவகாரமாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால்தான் வழி வேலையைச் சேர்ந்தது, நேராவிட்டால் சேர்ந்ததன்று என்னும் தர்க்கம் எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் செல்லாது.

இந்த விபத்து என்பது நான் உங்களைப் பயமுறுத்துவதற்காக எடுத்த உதாரணமன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் மாண்டவர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர். இந்நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு வெகு மேலானவை மோட்டார் சைக்கிளோட்டிகளுடையவையாகவே ஆண்டுதோறும் இருந்து வருகின்றன. ரெயிலையும் பேருந்தையும் நம்பினால் சிவப்பு மை விழும் என்று அஞ்சிய உங்கள் பண்டகசாலைப் பையன், தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் இறங்குகிறான். அங்கே 1970களில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போடப்பட்டதென்னவோ பெருமைக்குரிய காரியமே. ஆனால் அந்தத் தடம் அவனைக் கடைவாசல் வரையில் கொண்டுவந்து விடுவதில்லை. தடம் முடிந்த இடத்திலிருந்து லாரிகளோடும் பேருந்துகளோடும் அவன் முண்டியடித்துக்கொண்டுதான் வர வேண்டும். சாயங்கால மழையில் அந்தச் சாலையை நீங்கள் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து பார்த்திருப்பீர்கள்: மேம்பாலம் ஒவ்வொன்றின் அடியிலும் நூற்றுக்கணக்கான பையன்கள் வண்டிகளை நெருக்கி நிறுத்தி, நனைந்த மேற்சட்டையைப் பிழிந்துகொண்டு, மழை விடுமா என்று வானத்தைப் பார்த்து நிற்பார்கள். இரவு முறைக்குப் போக வேண்டியவன் மட்டும் மழை விடுவதற்குள்ளாகவே வண்டியைக் கிளப்பிவிடுவான். அவனைப் போகச் செய்வது வீரமன்று. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம்.

வரும் வழியைப் போலவே திரும்பும் வழியும் உங்கள் கவனத்துக்கு உரியது. சொல்லப் போனால், அதிகமாக உரியது. கடையின் விளக்கணைத்த பிறகும் உங்கள் ஊழியர்களுக்கு வேலை இருக்கிறது: பிரித்துப் போட்ட புடவைகளை மடித்தடுக்க வேண்டும், கல்லாவை எண்ணி ஒப்படைக்க வேண்டும், எண்ணிக்கையில் ஐந்து வெள்ளி குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கடைசி ரெயில் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. அதைத் தவறவிட்ட பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, அன்றைய சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்து போட்டு, வாடகைக் கார் பிடித்துக் கிள்ளானுக்குத் திரும்புகிறார்கள். தீபாவளிக் காலத்திலோ, இந்த நிலைமை வாரக் கணக்கில் நீடிக்கிறது. ஆண்டின் பெரிய வியாபாரத்தை உங்களுக்குத் தேடித் தரும் அந்த நாட்களில், அதைத் தேடித் தருகிறவர்கள் எந்நேரத்தில் எந்த வண்டியில் வீடு சேர்ந்தார்கள் என்று மறுநாள் காலையில் விசாரிக்கும் முதலாளிகளை நான் அறிவேன். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

உங்கள் பக்கத்துச் சங்கடங்களையும் நான் மறந்துவிடவில்லை. கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. இணைய வியாபாரம் வாடிக்கையாளரைக் கவர்ந்து செல்கிறது. நிறுத்துமிடம் கிடைக்காமல் வந்தவர்களே திரும்பிப் போகிறார்கள். ரெயிலைத் தாமதமின்றி ஓட்டுவதும் உங்கள் கையில் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கெலானா ஜெயா தடத்தில் இரண்டு ரெயில்கள் மோதி இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள்; மறு ஆண்டு நவம்பரில் அதே தடத்தின் பல நிலையங்கள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன; பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளானின் ஜொஹான் செத்தியா வரையில் போடப்பட்ட புதிய தடம், முதலில் குறித்த 2020ஆம் ஆண்டில் ஓடவில்லை. இவற்றுக்கெல்லாம் அரசாங்கத்தையும் நிர்வாகங்களையும் தட்டிக் கேட்க வேண்டியது எங்கள் கடமை, கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அந்த விண்ணப்பங்கள் பலிக்கப் பல ஆண்டுகள் ஆகும். உங்களிடம் கேட்பதோ, நீங்கள் மனம் வைத்தால் நாளைக் காலையிலேயே நிறைவேறக்கூடியது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆள் நிலைப்பதில்லை என்று கவலைப்படும் நீங்கள், வேலைக்கு வந்து சேர்வதையே தினசரி தண்டனையாக்கி வைத்திருப்பது, நாற்றின் வேரைப் பாதி நறுக்கிவிட்டு நட்டு, விளைச்சல் காணவில்லையே என்று நிலத்தை நொந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, என் வேண்டுகோளை ஒவ்வொன்றாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவதாக, ரெயிலிலும் பேருந்திலும் வரும் ஊழியர்களுக்குக் காலையில் அரைமணி நேர நெகிழ்வு கொடுங்கள். ஒன்பது மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையே எப்போது வந்தாலும் நேரத்தோடு வந்ததாக வைத்துக்கொண்டு, அந்த நிமிடங்களை மாலையில் ஈடுசெய்யச் சொல்லுங்கள். கடை திறக்க ஆள் வேண்டுமே என்றால், பக்கத்தில் குடியிருப்பவர்களை முதலிலும் தூரத்திலிருந்து வருபவர்களைப் பின்னரும் வரும்படி முறை வகுத்துக்கொள்ளுங்கள்; யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை அறிய, அவர்களுடைய வேலை விண்ணப்பத்தில் முகவரி இருக்கிறது.

இரண்டாவதாக, தாமதத்துக்கு அபராதம் விதிப்பதை நிறுத்துங்கள். சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் சம்பளத்தை அபராதமாகப் பிடிக்கும் அதிகாரத்தை அது உங்களுக்கு வழங்கவில்லை. வழியில் நின்ற ரெயிலுக்காக, அதில் வந்தவளைத் தண்டிப்பது சட்டத்துக்கு முன்பே நியாயத்துக்கு விரோதமானது.

மூன்றாவதாக, இரவில் கடை மூடும் நேரத்தைக் கடைசி ரெயிலின் நேரத்தைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். கல்லாக் கணக்கும் புடவை மடிப்பும் சேர்ந்தே முடிந்து, அவர்கள் நிலையத்துக்கு ஓடாமல் நடந்து போய்ச் சேர அவகாசம் இருக்க வேண்டும். தீபாவளிக் காலத்தில் அது இயலாதென்றால், அந்த வாரங்களுக்கு மட்டுமாவது கிள்ளான் பக்கம், செந்தூல் பக்கம், பூச்சோங் பக்கம் என்று பிரித்து வேன் அமர்த்தி, வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுங்கள். அந்தச் செலவை வியாபாரச் செலவில் எழுதத் தெரியாத கணக்கர் எவரும் இந்த ஊரில் இல்லை.

நான்காவதாக, பிரயாணச் செலவில் பங்கேற்றுக்கொள்ளுங்கள். ரேபிட் கேஎல் ரெயில்களிலும் பேருந்துகளிலும் மாதம் முழுதும் ஏறியிறங்க மலேசியக் குடிமக்களுக்கு 50 வெள்ளியில் மை50 அட்டை கிடைக்கிறது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் நாட்காட்டிக்கும் துணிப்பைக்கும் நீங்கள் செலவழிப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அட்டை உதவாத வழியில் வருகிறவர்களுக்கு, அதே அளவிலாவது ஒரு பிரயாணப்படி கொடுக்கலாம்.

ஐந்தாவது, உங்களில் அலுவலகம் நடத்துவோருக்கு உரியது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று நடப்புக்கு வந்த அதே வேலைச் சட்டத்தின் திருத்தம், வாரத்தின் வேலைநேர உச்சவரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்ததோடு, வேலைநேரத்தையோ, நாட்களையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும் வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இப்படியொரு பாத்தியதை இருப்பதே உங்கள் ஊழியர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ விண்ணப்பம் எழுதத் தைரியம் வருவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் வீட்டிலிருந்தே நாங்கள் நடத்திக் காட்டியதை நீங்கள் அறிவீர்கள். அன்று உங்கள் சௌகரியத்துக்காகச் சாத்தியமாயிருந்தது, இன்று எங்கள் சௌகரியத்துக்காக வாரத்தில் ஓரிரு நாளாவது சாத்தியப்படாதா? அவர்கள் எழுதட்டும் என்று காத்திராமல், "எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம்" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

இவற்றில் எதுவும் தர்மகாரியமாகக் கேட்கப்படுவதன்று. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் அள்ளிக் கொடுப்பதை ஊரே அறியும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போட்டு வழிநடப்போரின் தாகம் தணிக்கும் அதே கை, தன் கடைக்கு நாள்தோறும் வழிநடந்து வருகிறவளின் அட்டையில் சிவப்பு மை விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது என்பதுதான் என் வாதம். வழிப்பொழுது வேலைப்பொழுதைச் சேர்ந்தது என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் மனமும் அதை ஏற்க வேண்டும்.

வரும் மாதம் முதல் தேதியன்று உங்கள் ஊழியர்களை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் எங்கிருந்து, எந்த வண்டியில், எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்தில் எவற்றை உடனே செய்யலாம், எவற்றைத் தீபாவளிக்குள் செய்யலாம் என்று முடிவு கட்டுங்கள். முடிவை உங்கள் கையெழுத்தோடு, நேரம் பதிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். செய்ய இயலாதது எதுவோ, அதையும் காரணத்தோடு அங்கேயே எழுதுங்கள். எங்கள் அட்டைகளில் காரணத்துக்கு இடமில்லாவிட்டாலும், உங்கள் காரணத்தைக் கேட்க நாங்கள் தயாராயிருக்கிறோம்.

இங்ஙனம்,
கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து போகும் கணக்கர் ஒருவர்